தூங்கப் போகுமுன் ஒரு ரக்அத்தாவது: வித்ர் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நிறைய வித்ரை, அதாவது இஷாவுக்குப் பின் சுபஹுக்குள் ஒற்றைப்படை ரக்அத்களாக (ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று) தொழும் இரவுத் தொழுகையைப் பற்றியே இருந்ததால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நம் மலைநாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹப் என்ற சட்ட வழிதான் நடைமுறை என்பதால் பதில்களையும் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற மத்ஹபின் கருத்து தேவைப்படும் இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெலிமடையிலிருந்து ஒரு சகோதரி: "வித்ரை இரவின் கடைசியில் தொழுவதுதான் சிறப்பு என்று பயானில் கேட்டேன். அன்றிலிருந்து இஷாவுக்குப் பின் தொழாமல், போனில் அலாரம் வைத்துவிட்டுப் படுக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இரண்டு, பகல் முழுக்க மரக்கறிக் கடை வேலை. பாதி நாள் எழும்ப முடிவதில்லை, சுபஹ் பாங்கு கேட்டுத்தான் கண் விழிக்கிறேன். இஷாவுடனேயே தொழுதால் நன்மை குறைந்துவிடுமா?"

தங்கச்சி, முதலில் ஒன்று. நீங்கள் பயானில் கேட்டது சரிதான், ஆனால் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: இரவின் கடைசியில் எழும்ப முடியாது என்று பயப்படுபவர் ஆரம்பத்திலேயே வித்ரைத் தொழட்டும், எழும்புவோம் என்ற நம்பிக்கை உள்ளவர் கடைசியில் தொழட்டும், கடைசி இரவுத் தொழுகையில் மலக்குகள் வந்து கலந்துகொள்கிறார்கள், அதுவே சிறந்தது. ஹதீஸின் கடைசி வாசகத்தை மட்டும் எடுத்துச் சொன்னால் உங்களைப் போன்றவர்களுக்கு வித்ரே கைநழுவிப் போய்விடும். அதே ஹதீஸின் முதல் வாசகம் உங்களுக்காகவே சொல்லப்பட்டது.

அபூ ஹுரைரா (ரலி) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் ஹதீஸ் அறிவித்தவர், நபியவர்களோடு நிழல் மாதிரி இருந்தவர். அவர் சொல்கிறார், என் உற்ற தோழர் மூன்று விஷயங்களை எனக்கு உபதேசித்தார்கள், சாகும்வரை அவற்றை விடமாட்டேன் என்று: மாதம் மூன்று நோன்பு, முற்பகலில் ழுஹா இரண்டு ரக்அத், தூங்குமுன் வித்ர். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தூங்குமுன் தொழு என்று நபி (ஸல்) அவர்களே ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்போது அதைக் குறைந்த தரம் என்று நினைக்க என்ன இருக்கிறது?

அபூ தாவூத் தொகுப்பில் இன்னொரு சம்பவம் வருகிறது. நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களிடம், நீங்கள் எப்போது வித்ர் தொழுகிறீர்கள் என்று கேட்டார்கள். இரவின் ஆரம்பத்தில் என்றார். உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். இரவின் கடைசியில் என்றார். அபூபக்ரைப் பற்றி, இவர் பேணுதலைப் பிடித்துக்கொண்டார் என்றும், உமரைப் பற்றி, இவர் உறுதியைப் பிடித்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள். நீ செய்வது பிழை என்று இரண்டு பேரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அபூபக்ர் எடுத்த வழியை எடுப்பதில் உங்களுக்கு என்ன தயக்கம்?

அதனால் நான் சொல்வது இதுதான்: இன்றைக்கு இரவு இஷாவையும் அதன் பின் ஸுன்னத்தையும் தொழுத கையோடு வித்ரையும் முடித்துவிட்டுப் படுங்கள். மூன்று ரக்அத் முடியாவிட்டால் ஒன்று. ஷாபிஈ மத்ஹபில் வித்ர் குறைந்தது ஒரு ரக்அத், கூடியது பதினொன்று, முழுமையின் குறைந்த அளவு மூன்று. பிள்ளை அழுகிற இரவில் ஒரு ரக்அத் தொழுதவருக்கும் அன்றைய வித்ர் நிறைவேறிவிட்டது. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து, தூக்கம் உங்கள் கைக்கு வந்த பிறகு கடைசி இரவுக்கு மாறிக்கொள்ளலாம். நபி (ஸல்) அவர்களும் இரவின் ஆரம்பம், நடு, கடைசி என்று எல்லா நேரங்களிலும் வித்ர் தொழுதிருக்கிறார்கள் என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களே சொல்கிறார்கள்.

கடைசி இரவு என்றால் எப்போது என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். மஃரிபிலிருந்து சுபஹ் நேரம் வரை எண்ணி மூன்றாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு மஃரிப் 6.15, சுபஹ் 4.45 என்று வைத்தால் இரவு பத்தரை மணித்தியாலம், மூன்றில் ஒன்று மூன்றரை மணித்தியாலம், ஆக கடைசிப் பங்கு 1.15க்குத் தொடங்குகிறது. நம் நாட்டில் வருஷம் முழுக்க இரவின் நீளம் பெரிதாக மாறாததால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே எப்போதும் இப்படித்தான் வரும். பிள்ளைக்குப் பால் கொடுக்க 2 மணிக்கு எழும்பினீர்கள் என்றால் அதுவே கடைசி இரவுதான், அலாரம் தேவையில்லை.

பண்டாரவளை: "இஷாவுக்குப் பிறகு வித்ர் தொழுதுவிட்டேன். திடீரென்று 3 மணிக்கு விழிப்பு வந்தது. தஹஜ்ஜுத் தொழலாமா? தொழுதால் மறுபடி வித்ர் தொழ வேண்டுமா?"

தூங்கி எழும்பித் தொழும் அந்தத் தஹஜ்ஜுத்தைத் தாராளமாகத் தொழுங்கள், இரண்டிரண்டாக. வித்ரை மறுபடி தொழ வேண்டாம். ஓர் இரவில் இரண்டு வித்ர் இல்லை என்பது ஹதீஸ். "இரவுத் தொழுகையில் கடைசியாக வித்ரை ஆக்கிக்கொள்ளுங்கள்" என்று வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். அது சிறப்பைச் சொல்கிறது, வித்ர் தொழுதவர் பிறகு தொழவே கூடாது என்று தடுக்கவில்லை. நபியவர்கள் வித்ருக்குப் பிறகு உட்கார்ந்து இரண்டு ரக்அத் தொழுததாக முஸ்லிமில் வருகிறது. விழிப்பு வந்தும், வித்ர் முடிந்துவிட்டதே என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

கம்பளையில் வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரி: "எங்கள் வீட்டில் வாப்பா சொல்லித் தந்தபடி மூன்று ரக்அத்தையும் சேர்த்து ஒரே ஸலாமில் தொழுவேன். இங்கே மாமி இரண்டு தொழுது ஸலாம் கொடுத்துவிட்டு ஒன்று தனியாகத் தொழுகிறார். நான் தொழுவது கூடாது, அது மஃரிப் மாதிரி ஆகிவிடும் என்கிறார். என் கணவரின் மூத்த சகோதரியும் அதையே சொல்கிறார். இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொழ வேண்டியிருக்கிறது."

கதவைச் சாத்திக்கொண்டு தொழுகிறேன் என்ற வரிதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. தொழுகையை வைத்து ஒரு வீட்டுக்குள் இப்படி ஒரு நெருக்கடி வரவே கூடாது.

மாமி செய்வது ஷாபிஈ மத்ஹபில் சிறந்த முறை. உமர் (ரலி) அவர்களின் மகன் இப்னு உமர் (ரலி) வித்ரில் இரண்டு ரக்அத்துக்கும் ஒரு ரக்அத்துக்கும் நடுவில் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துக்கொள்வார், அந்த இடைவெளியில் வீட்டுத் தேவை ஏதாவது இருந்தால் அதைக்கூடச் சொல்லிவிடுவார் என்று புகாரியில் இருக்கிறது. அவ்வளவு தெளிவாகப் பிரித்துத் தொழுதிருக்கிறார். நீங்கள் செய்வதும் கூடும். மூன்றையும் சேர்த்துத் தொழ ஷாபிஈ மத்ஹபிலேயே அனுமதி இருக்கிறது. ஹனபி மத்ஹபில் வித்ர் என்பதே ஒரே ஸலாமில் மூன்று ரக்அத்தான், அதுவும் அங்கே வாஜிப், அதாவது கட்டாயம். உலகத்தில் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் அப்படித்தான் தொழுகிறார்கள், அதை யார் கூடாது என்று சொல்ல முடியும்?

மஃரிபுக்கு ஒப்பாக ஆக்காதீர்கள் என்று ஒரு அறிவிப்பு இருப்பது உண்மை, மாமி எங்கோ அதைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பல அறிஞர்கள் தரும் விளக்கம் என்னவென்றால், மூன்றையும் சேர்த்துத் தொழுதால் இரண்டாவது ரக்அத்தில் அத்தஹிய்யாத்துக்கு உட்காராமல் நேரே எழும்பி, மூன்றாவதில் மட்டும் உட்காருங்கள், அப்போது மஃரிப் மாதிரி இருக்காது. ஹனபிகள் இரண்டாவதிலும் உட்காருவார்கள், ஆனால் மூன்றாவதில் ஸூரா ஓதி, ருகூவுக்கு முன் தக்பீர் சொல்லிக் குனூத் என்ற துஆவை ஓதுவதால் அவர்களுடையதும் மஃரிபிலிருந்து வேறுபட்டுவிடுகிறது.

என் யோசனை, உங்களுக்கு விருப்பமிருந்தால் மாமியோடு நின்று அவர் முறையிலேயே தொழுங்கள், உங்கள் வித்ருக்கு அதில் ஒரு குறையும் வராது. அதற்காக வாப்பா சொல்லித் தந்தது பிழை என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாமி இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: மருமகள் வித்ரை விடாமல் தொழுகிறாள் என்பதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள் மாமி. எத்தனையோ வீடுகளில் இஷாவே டெலிவிஷனுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

ஓதும் ஸூரா பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலாவதில் ஸப்பிஹிஸ்ம, இரண்டாவதில் குல் யா அய்யுஹல் காபிரூன், மூன்றாவதில் குல் ஹுவல்லாஹு அஹத். மூன்றாவதில் குல் அஊது இரண்டையும் சேர்த்து ஓதியதாகவும் ஒரு அறிவிப்பு உண்டு. ஸலாம் கொடுத்ததும் ஸுப்ஹானல் மலிக்கில் குத்தூஸ் என்று மூன்று தடவை சொல்லுங்கள், மூன்றாவது தடவை நபியவர்கள் குரலை உயர்த்தி நீட்டிச் சொல்வார்கள்.

ஹட்டன்: "பேக்கரியில் இரவு வேலை. 9 மணிக்கு மாப் பிசையத் தொடங்கினால் பாண் போறணையை விட்டு இறங்க விடியற்காலை ஆகிவிடும். இஷாவைத் தொழுதுவிட்டு வேலைக்குப் போகிறேன். வித்ரை எப்போது தொழுவது?"

தம்பி, உங்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. இஷாவோடு தொழுதுவிட்டுப் போகலாம். ஆனால் இரவு முழுக்க விழித்திருக்கிற உங்களுக்குக் கடைசி இரவு இலேசாகக் கிடைக்கிறது. மற்றவர்கள் தூக்கத்தோடு சண்டை பிடித்துத் தேடுகிற நேரம் அது. மாவைப் பொங்க வைத்துவிட்டுக் காத்திருக்கிற நேரத்திலோ, போறணையில் பாணை ஏற்றிய பிறகோ, கால் மணித்தியாலம் கிடைத்தால் போதும். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், வேலை நேரத்தில் அவருடைய அனுமதியும் ஒரு விஷயம்.

ஒன்று கவனியுங்கள். மாப் பிசைகிறவர்களுக்கு விரல் மூட்டிலும் நகத்தைச் சுற்றியும் மா காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அது இருக்கும்போது, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூவை எடுத்தால் தண்ணீர் தோலில் படாது, வுழூ நிறைவேறாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவிட்டு நகத்தோரத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு வுழூ எடுங்கள். பொடி மா அப்படி இல்லை, கழுவினாலே போய்விடும். உடுப்பில் மா பட்டிருப்பது அசுத்தமல்ல, அப்படியே தொழலாம்.

சுபஹ் நெருங்கிவிட்டது, இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது என்றால் ஒரு ரக்அத் தொழுதுவிடுங்கள். சுபஹ் வந்துவிடும் என்று பயந்தால் ஒரு ரக்அத் தொழு, அது நீ தொழுததை ஒற்றையாக்கிவிடும் என்பதுதான் நபியவர்கள் சொன்னது.

பதுளை மாணவர்: "கொழும்பில் படிக்கிறேன். கோட்டையில் இஷா தொழுதுவிட்டு நைட் மெயில் ஏறி ஊருக்கு வருவேன். ரயிலில் வித்ர் தொழலாமா? நிற்கக்கூட இடமிருக்காது."

தொழலாம், இருக்கையில் உட்கார்ந்தபடியே. இதற்கு ஒரு அழகான ஆதாரம் இருக்கிறது. ஸஈத் இப்னு யஸார் என்பவர் இப்னு உமர் (ரலி) அவர்களோடு மக்கா வழியில் இரவுப் பயணம் போய்க்கொண்டிருந்தார். சுபஹ் வந்துவிடுமோ என்று பயந்து வாகனத்தை விட்டு இறங்கி வித்ர் தொழுதுவிட்டு, பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டார். எங்கே போனாய் என்று இப்னு உமர் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், அல்லாஹ்வின் தூதரிடம் உனக்கு அழகிய முன்மாதிரி இல்லையா, அவர்கள் ஒட்டகத்தின் மேலிருந்தே வித்ர் தொழுவார்களே என்றார். புகாரியில் வருகிறது.

அதனால் நானுஓயா தாண்டி பட்டிப்பொல பக்கம் ரயில் வளைந்து வளைந்து போகும்போது கிப்லா மாறிக்கொண்டே இருக்குமே என்று குழம்ப வேண்டாம். முடிந்தால் ஆரம்பத் தக்பீருக்குக் கிப்லாவை நோக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் ரயில் போகிற திசையே உங்கள் திசை. ருகூவுக்குக் கொஞ்சம் குனியுங்கள், ஸுஜூதுக்கு அதைவிடக் கூடுதலாகக் குனியுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் பக்கத்தில் வைத்திருந்தால் வுழூவுக்கு ரயிலின் குழாயை நம்பியிருக்கத் தேவையில்லை. ஒன்றை மறக்க வேண்டாம், இந்தச் சலுகை கடமையல்லாத ஸுன்னத்தான தொழுகைக்கு. கடமையான பர்ளை இப்படி இருக்கையிலிருந்து தொழ முடியாது, நீங்கள் இஷாவை முடித்துவிட்டு ஏறுவது நல்ல பழக்கம்.

நுவரெலியா: "உம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, மூட்டு வலி. ஜனவரி மாசத்துக் குளிரில் 3 மணிக்கு எழும்பி ஐஸ் மாதிரித் தண்ணீரில் வுழூ எடுக்கிறார். சுடுதண்ணீர் வைத்துத் தந்தால் கஷ்டப்பட்டு எடுத்தால்தான் கூலி என்று மறுக்கிறார்."

சிரமமான நேரத்திலும் வுழூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது, உம்மா அதைத்தான் நினைக்கிறார். அவருடைய ஆசைக்கு அல்லாஹ் நிறைவான கூலி தரட்டும். ஆனால் அந்த ஹதீஸ், குளிர் வந்துவிட்டது என்று வுழூவை அரைகுறையாக முடித்துவிடாதே என்று சொல்கிறது. சுடுதண்ணீர் கையில் இருக்கும்போது அதைத் தள்ளிவிட்டு உடம்பை வருத்து என்று சொல்லவில்லை. முழங்கை, குதிகால், விரல் இடுக்கு எல்லாம் நனைவதுதான் நிறைவு, நடுங்கிக்கொண்டு அவசரமாக எடுத்தால் அந்த இடங்கள்தான் விட்டுப்போகும். இதைப் பக்கத்திலிருந்து பார்த்தீர்களானால் உங்களுக்கே புரியும், குளிர் தண்ணீரில் குதிகாலை யாரும் இரண்டாவது தடவை தேய்ப்பதில்லை.

படுக்கப் போகுமுன் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு பேசினும் துவாயும் வைத்துவிடுங்கள். கழிவறை வரை ஈரத்தரையில் நடக்கத் தேவையில்லை, விழுந்துவிடுவாரோ என்ற பயமும் இல்லை. தோல் காலுறை இருந்தால், வுழூவோடு அதைப் போட்டுக்கொண்டவர், வுழூ முறிந்த நேரத்திலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் அதன் மேலே தடவிக்கொள்ளலாம், காலைக் கழுவ வேண்டியதில்லை. தண்ணீரே நோயைக் கூட்டும் என்று டாக்டர் சொன்னால், தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தடவிக்கொள்ளும் தயம்மும் இருக்கிறது. மூட்டு வலிக்கிற இரவில் கதிரையில் உட்கார்ந்து தொழச் சொல்லுங்கள். இத்தனை வயதில் 3 மணிக்கு எழும்புகிற அந்தத் தாயின் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தலவாக்கலை: "நான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இஸ்லாத்தை ஏற்றுக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. குனூத் பாடமாகவில்லை. குனூத் தெரியாதவனுக்கு வித்ர் இல்லை என்று பள்ளியில் ஒருவர் சொன்னார்."

அப்படிச் சொன்னவரை அல்லாஹ் மன்னிக்கட்டும். குனூத் இல்லாமலேயே உங்கள் வித்ர் கூடும் சகோதரரே. ஷாபிஈ மத்ஹபில் வித்ரில் குனூத் ஓதுவதே ரமழானின் பிந்திய பாதியில்தான் ஸுன்னத், வருஷத்தின் மற்ற நாட்களில் இல்லை. ஹனபிகள் வருஷம் முழுக்க ஓதுகிறார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும், பாடமில்லாததால் வித்ரையே விட்டுவிடு என்று யாரும் சொன்னதில்லை.

உங்களுக்கு பாத்திஹாவும் குல் ஹுவல்லாஹு அஹதும் தெரிந்தால் இன்று இரவே தொழலாம். குல் ஹுவல்லாஹு குர்ஆனின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம் என்று நபியவர்கள் சொன்னார்கள், அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். நபியவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்கு வித்ரில் ஓதச் சொல்லிக் கொடுத்த துஆதான் அல்லாஹும்மஹ்தினீ ஃபீமன் ஹதைத்த என்று தொடங்குவது. நீ நேர்வழி காட்டியவர்களோடு எனக்கும் நேர்வழி காட்டு, நீ சுகம் கொடுத்தவர்களோடு எனக்கும் சுகம் கொடு, நீ பொறுப்பேற்றவர்களோடு என்னையும் பொறுப்பேற்றுக்கொள் என்று போகும். ஒரு நாளைக்கு ஒரு வரியாகப் பாடமாக்குங்கள். பல பள்ளிகளில் சுபஹில் இமாம் இதையே ஓதுவதால் கேட்டுக் கேட்டே பாதி வந்துவிடும். அதுவரை ஸலாம் கொடுத்த பிறகு கையேந்தி உங்கள் தமிழில் கேளுங்கள். லயத்தில் இருக்கிற உங்கள் தாய் தகப்பனின் சுகத்துக்காகவும், அவர்களுக்கு நேர்வழி கிடைக்கவும் கேளுங்கள்.

பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை வாசித்தால், புதிதாக வந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு பொறுமையான ஆளை வையுங்கள். கேள்வி கேட்டுப் பயமுறுத்த ஆள் தேவையில்லை.

மாத்தளை: "ரமழானில் எட்டு ரக்அத் தராவீஹ் முடிந்ததும் சிலர் எழும்பிப் போகிறார்கள், இருபது தொழுபவர்கள் முறைக்கிறார்கள். வித்ரை ஜமாஅத்தோடு தொழுவதா, வீட்டில் தனியாகவா?"

எட்டா இருபதா என்ற வழக்கை இங்கே திறக்கவில்லை. ஜமாஅத்தோடு தொழுங்கள். இமாம் முடிக்கும்வரை அவரோடு நின்று தொழுதவருக்கு முழு இரவும் நின்ற நன்மை எழுதப்படும் என்று அபூ தர் (ரலி) அறிவிக்கிறார். விடியுமுன் ஸஹர் நேரத்தில் தஹஜ்ஜுத் தொழுது வித்ரைக் கடைசியாக வைக்க ஆசைப்படுபவர், இமாம் வித்ரில் ஸலாம் கொடுத்ததும் தான் ஸலாம் கொடுக்காமல் எழும்பி ஒரு ரக்அத் கூட்டி இரட்டையாக்கிக்கொண்டு, வித்ரைப் பிறகு தொழலாம் என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேலையால் எட்டோடு போகிறவரை முறைக்க வேண்டாம், அவரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு சத்தமாகப் பேச வேண்டாம், உள்ளே தொழுகை நடக்கிறது.

அக்குறணை: "தூங்கிவிட்டேன், சுபஹ் ஆகிவிட்டது. வித்ர் போனது போனதுதானா?"

இல்லை. தூங்கியோ மறந்தோ விட்டவர் விழித்ததும், ஞாபகம் வந்ததும் தொழட்டும் என்று ஹதீஸ் இருக்கிறது. சூரியன் உதித்து உயர்ந்த பிறகு தொழுதுகொள்ளுங்கள். நோயோ தூக்கமோ மேலிட்டு இரவுத் தொழுகை தவறினால் நபியவர்கள் பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். மாதவிடாயில் விட்ட வித்ரைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை, அதையும் ஒரு சகோதரி கேட்டிருந்தார்.

நாவலப்பிட்டி: "நான் தஹஜ்ஜுத்துக்கு எழும்பும்போது மனைவியையும் எழுப்புகிறேன். அவளுக்குப் பாடசாலையில் வேலை, களைத்துப் போயிருப்பாள். எழுப்புவது சரியா?"

எழுப்புவது நல்ல காரியம், எந்த நேரத்தில் எழுப்புகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆயிஷா (ரலி) சொல்வதைப் பாருங்கள்: நபியவர்கள் இரவில் தொழுவார்கள், நான் அவர்களுக்கு முன்னால் விரிப்பில் குறுக்காகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பேன், வித்ர் தொழ நினைக்கும்போது என்னை எழுப்புவார்கள், நானும் வித்ர் தொழுவேன். தாம் நீண்ட நேரம் நின்று தொழுகிற பொழுதெல்லாம் மனைவியைத் தூங்கவிட்டு, வித்ருக்கு மட்டும் எழுப்பியிருக்கிறார்கள்.

நீங்களும் அப்படியே செய்யலாம். இரவு படுக்கும்போதே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இன்றைக்கு எழுப்பட்டுமா என்று. எழுப்பச் சொன்னால் உங்கள் தொழுகையை முடித்துக்கொண்டு, சுபஹுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது மெதுவாகக் கூப்பிடுங்கள், சுடுதண்ணீரை நீங்களே வைத்துக் கொடுங்கள். இன்றைக்கு முடியாது என்றால் இஷாவோடு வித்ரைத் தொழுதுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள், பிறகு சுபஹ் வரை எழுப்ப வேண்டாம்.